வளர் என்றும் நில் என்றும் சொல்வது யார்?

காய்கறி நறுக்கும்பொழுது விரலிற் கத்தி பட்டுவிடுகிறது. குருதி உறைகிறது, ஓரிரு நாளிற் பொருக்குத் தட்டுகிறது. ஒரு வாரங் கழித்துப் பொருக்கு உதிரும்போது, அடியிலே புதிய தோல் பழைய தோலின் மட்டத்துக்குச் சரியாக வந்து நிற்கக் காண்கிறோம். புண் ஆறியதென்று மகிழும் நாம் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். புதிய தோல் ஏன் அம்மட்டத்தோடு நின்றது? அது மேலும் வளர்ந்து கொம்பு போல நீண்டிருக்கலாமன்றோ? காயம்பட்ட இடத்தில் 'வளர்' என்று சொன்னது யார்? வேலை முடிந்ததும் 'நில்' என்று சொன்னது யார்?

இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இவ்விரு சொற்களின் கதையையே. இதனை அறிந்துகொள்வதற்கு மார்பகத்தைக் காட்டிலும் பொருத்தமான உறுப்பு வேறில்லை. இவ்விரு சொற்களும் தடுமாறும்போது விளையும் கேட்டினை அறிவதற்கும் மார்பகப் புற்றுநோயைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள்ளும் முதலிடம் இதற்கே. இருந்தும் நம் வீடுகளில் இதன் பெயரை உரத்துச் சொல்லவும் தயங்குகிறோம். எங்கிருந்தோ வந்து உடலிற் புகுந்துவிட்ட தீய பொருளென்றும், அயலாருக்குத் தெரிந்தால் இழுக்கென்றும் கருதி மறைப்போர் இன்றும் உளர். உண்மையில் இது வெளியிலிருந்து வந்ததன்று. நம்முடைய சொந்தக் கலமே கட்டளை கேட்கும் ஒழுங்கிற் பிறழ்ந்து நிற்கும் நிலையாகும். இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தையன்று. இவ்வுண்மையை அறிந்த பின்னரே இந்நோய்க்குரிய சிறந்த மருந்துகள் சில பிறந்தன.

கண் திறந்த சுண்டெலிகள்

நம் உடல் கோடானுகோடி உயிர்க்கலங்களால் ஆனதென்பதையும், ஒரு கலம் இரண்டாகப் பிரிவதனாலேயே உடல் வளர்கிறதென்பதையும் மாணவர் அறிவர். ஆனால் ஒரு கலத்தைப் பிரியத் தூண்டுவது எது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. அதற்கு வழிகாட்டிய கதை இத்தாலியிலே தொடங்குகிறது.

தூரின் நகரிற் பிறந்து மருத்துவம் கற்ற யூதப் பெண்மணி ரீற்றா லெவி-மொந்தால்சினி. 1938 இல் இத்தாலிய அரசு இயற்றிய இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவரோ மனந்தளராது தம் படுக்கை அறையிலே சிறியதோர் ஆய்வுகூடத்தை அமைத்துக்கொண்டு, கோழி முட்டைகளின் முளையங்களில் நரம்புகள் வளரும் முறையை ஆராய்ந்து வந்தார். போர் முடிந்தபின் அமெரிக்காவில் செயின்ற் லூயிஸ் நகரின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே சுண்டெலியின் கட்டியொன்றைக் கோழி முளையத்திற் பொருத்தியபோது, நரம்புகள் அளவுகடந்து கிளைத்துப் பெருகுவதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோவொரு பதார்த்தம் கசிந்து நரம்புகளை வளர்க்கின்றதென அவர் துணிந்தார்.

அப்பதார்த்தத்தைப் பிரித்தெடுக்க அவருடன் சேர்ந்தவர் உயிரிரசாயன அறிஞர் ஸ்ரான்லி கோகென். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது மிகுதியாக உண்டென இவர்கள் கண்டனர். அச்சுரப்பியின் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஏற்றியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இரண்டு வாரமளவிற் கண் திறக்க வேண்டிய குட்டிகள் ஏழாம் நாளிலேயே கண் திறந்தன; பற்களும் காலத்துக்கு முன்னே முளைத்தன. நரம்பை வளர்க்கும் பொருளோடு தோலை வளர்க்கும் வேறொரு பொருளும் அச்சாற்றிற் கலந்திருந்ததே காரணம். கோகென் அதனைத் தனியே பிரித்து 1962 இல் வெளியிட்டார். 53 அமினோவமிலங்கள் கோத்த அச்சிறு புரதமே 'மேற்றோல் வளர்ச்சிக் காரணி' எனப்படுவது. இவ்விருவருக்கும் 1986 இல் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ச்சிக் காரணி எவ்வாறு தொழிற்படுகிறது? ஒரு கலம் அதனைச் சுரக்கிறது. அயலிலுள்ள மற்றொரு கலம் அதனைப் பெறுகிறது. பெறும் கலத்தினுள்ளே அது நேராக நுழைவதில்லை. கலத்தின் மென்சவ்வில் 'வாங்கி' எனப்படும் புரதமொன்று, ஒரு பாதி வெளியிலும் மறு பாதி உள்ளிலுமாக நிற்கின்றது. வெளிப்பாதியிற் காரணி வந்து பொருந்தியதும் உட்பாதி விழித்தெழுகிறது. படலையில் நின்று ஒருவர் கூப்பிட்டதைத் திண்ணையில் இருப்பவர் கேட்டு, அடுக்களையில் இருப்பவருக்கு உரைப்பது போல, செய்தி ஒரு புரதத்திலிருந்து மற்றொரு புரதத்துக்குக் கைமாறிக் கருவைச் சென்றடைகிறது. அதன் பின்னரே கலம் பிரிகிறது.

முரசறைவோனும் உழுவோரும்

நம் உறுப்புக்களுட் பெரும்பாலானவை நாம் பிறக்கும்போதே உருப்பெற்றுவிடுகின்றன. மார்பகமோ அப்படியன்று. பெண்குழந்தை பிறக்கும்போது அங்கே சில சிறு கான்கள் மாத்திரமே உள்ளன. பருவமெய்தும் காலத்தில் அவை கிளைவிட்டுப் பரவுகின்றன. மாதந்தோறும் சிறிது வளர்ந்து சிறிது தணிகின்றன. கருவுற்ற காலத்திற் பால் சுரக்கும் நுண்ணறைகள் ஏராளமாகத் தோன்றுகின்றன. பிள்ளை பால்குடி மறந்தபின், அவ்வறைகளின் கலங்கள் தாமாகவே மடிந்து அகலுகின்றன. கலியாணத்துக்குக் கட்டிய பந்தலைக் கலியாணம் முடிந்ததும் பிரித்து வைப்பது போன்றது இது. ஓர் ஆயுளிற் பலமுறை கட்டிப் பலமுறை பிரிக்கப்படும் இப்பந்தலில் 'வளர்', 'நில்' என்னும் கட்டளைகள் பிசகாமல் வழங்க வேண்டியது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பருவகால வளர்ச்சிக்கு முதற்கட்டளை சூலகத்திலிருந்து வருகிறது. ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனே அக்கட்டளை. பாற்கான்களின் உட்சுவரிலுள்ள கலங்களிற் சிலவற்றிலேயே அதற்குரிய வாங்கி உண்டு. ஆகவே அவ்வாங்கியைக் கொண்ட கலங்களே பிரிந்து பெருகும் என்று நாம் நினைப்பது இயல்பு. ஆனால் மஞ்செஸ்ரர் ஆராய்ச்சியாளர் 1997 இல் வெளியிட்ட முடிவு வியப்பைத் தந்தது. வழக்கமான மார்பகத்தில் ஈஸ்திரோஜன் வாங்கியுடைய கலங்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை. பிரிபவை அவற்றின் அயலில் நிற்கும் வேறு கலங்கள்!

இதன் மருமம் பின்னர்ச் சுண்டெலிகளிற் செய்த ஆய்வுகளால் விளங்கிற்று. ஓமோனின் கட்டளையைக் கேட்ட கலம், 'அம்பிரெகியூலின்' என்னும் வளர்ச்சிக் காரணியை வெளிவிடுகிறது. அது, கோகென் கண்ட காரணியின் உறவினம். அதே வாங்கியிற் சென்று பொருந்துவது. பாற்கானைச் சூழ்ந்துள்ள தொடுப்பிழையத்தின் கலங்கள் அதனைப் பெற்று, வேறு காரணிகளைத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றைக் கேட்டே கானின் கலங்கள் பிரிகின்றன. அரசனின் ஆணையை முரசறைவோன் கேட்டு ஊருக்கு அறிவிக்கிறான். ஊரார் கேட்டு உழத் தொடங்குகின்றனர். முரசறைவோன் ஏர் பிடிப்பதில்லை. கேட்பவன் வேறு, செய்பவன் வேறு என்னும் இப்பிரிவினையே ஒரு பாதுகாப்பாகும். எந்தத் தனிக்கலமும் தான் நினைத்த மாத்திரத்திற் பெருகிவிட முடியாது. அயலவரின் சொல் வேண்டும்.

இனி 'நில்' என்னும் சொல்லைப் பார்ப்போம். அதனை உரைக்கும் காரணிகளுள் முக்கியமானதற்கு 'உருமாற்று வளர்ச்சிக் காரணி-பீற்றா' என்று பெயர். பெயரோ வளர்ச்சிக் காரணி. தொழிலோ மார்பகக் கான்களின் வளர்ச்சியைத் தடுப்பது! முதலிற் கண்டவர்கள் வேறுவகைக் கலங்களில் அதன் செயலைக் கண்டு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. 1987 இல் இரு ஆராய்ச்சியாளர், இக்காரணியை மெதுவாகக் கசியவிடும் சிறு குளிசைகளை இளஞ் சுண்டெலிகளின் பாற்சுரப்பியில் வைத்தனர். அவ்விடத்தில் வளர்ந்துகொண்டிருந்த கான்களின் நுனிகள் வளர்ச்சியை நிறுத்தின. குளிசையின் வேகம் தீர்ந்ததும் அவை மீண்டும் வளரத் தொடங்கின. கலத்துக்குத் தீங்கு செய்யாமல் நிறுத்தி வைக்கவும் உடல் அறியும் என்பது இதனாற் புலனாகும்.

கட்டளை பிறழும் வழிகள்

கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் அதன் பரம்பரையலகுகள் படியெடுக்கப்படுகின்றன. படியெடுக்கும்போது சிற்சில பிழைகள் நேர்வதுண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றை உடலே திருத்திவிடுகிறது. திருத்தப்படாத பிழைகள் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து, வளர்ச்சிக் கட்டளைக்குரிய பரம்பரையலகுகளைத் தாக்குமாயின், புற்று தொடங்குகிறது. வயது ஏற ஏற இந்நோய் மிகுதியாக வருவதற்கு இதுவே முக்கிய காரணம்.

பிறழும் வழிகள் பல. முதலாவது, முரசறைவோனே ஏர் பிடிப்பது. மார்பகப் புற்றுக்களிற் பத்தில் ஏழு அளவில் ஈஸ்திரோஜன் வாங்கி உண்டு. அங்கே ஓமோனைக் கேட்கும் கலமும் பிரியும் கலமும் ஒன்றாகிவிடுகின்றன. அயலவரின் சொல்லுக்குக் காத்திருக்கும் ஒழுங்கு அங்கே இல்லை. இரண்டாவது, வாங்கிகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகுவது. காதுகள் ஆயிரமானால் மெல்லிய ஒலியும் இடிமுழக்கமாகும் அன்றோ? மூன்றாவது, 'நில்' என்னும் சொல் செவியில் ஏறாமற் போவது. இன்னும் ஒரு விந்தை உண்டு. முற்றிய புற்றுக்கலம், தன்னை நிறுத்த வந்த பீற்றாக் காரணியையே, சூழவுள்ள இழையங்களை ஊடுருவிப் பரவுவதற்குத் துணையாக்கிக் கொள்வதும் உண்டு. காவலனைக் கள்வன் தன் கூட்டாளியாக்கிக் கொண்டது போன்றது அது.

மழுங்கிய திறவுகோல்

முதல் வழிக்கு மருந்து கண்ட கதை ஸ்கொத்லாந்திலே தொடங்குகிறது. ஜோர்ஜ் பீற்சன் என்னும் கிளாஸ்கோ நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர், பால் சுரத்தலுக்கும் சூலகத்துக்கும் தொடர்புண்டெனக் கருதினார். மார்பகப் புற்று மீண்டும் பரவிய 33 வயதுப் பெண்ணொருவரின் சூலகங்களை 1895 இல் அகற்றினார். புற்றுக்கட்டி சில மாதங்களிற் கரைந்தது. அப்பெண் மேலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். பீற்சன் இதனை 1896 இல் வெளியிட்டார். ஈஸ்திரோஜன் என்னும் பொருளே அக்காலத்திற் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ளுக. எனினும் இச்சிகிச்சை சிலருக்குப் பயன்பட்டது, பலருக்குப் பயன்படவில்லை. ஏன் என்பது அறுபது ஆண்டுகள் புதிராயிருந்தது. சிக்காகோவில் எல்வூட் ஜென்சன் ஈஸ்திரோஜன் வாங்கியைக் கண்டபின்னரே புதிர் அவிழ்ந்தது. வாங்கியுள்ள புற்றுக்கே ஓமோன் உணவு. வாங்கி இல்லாத புற்றுக்கு அது இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

1962 இல் இங்கிலாந்தின் மருந்துக் கம்பனி ஒன்றிலே, கருத்தடை மருந்து தேடும் முயற்சியில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் இரசாயன அறிஞர் ஒரு பொருளை ஆக்கினார். கருத்தடைக்கு அது உதவவில்லை. ஆனால் மார்பகப் புற்றிலே அது ஈஸ்திரோஜன் வாங்கியிற் சென்று இடம் பிடித்துக்கொண்டது. பூட்டின் துளையில் மழுங்கிய திறவுகோலொன்று செருகிக் கிடந்தால் உண்மைத் திறவுகோல் நுழைய முடியாதல்லவா? 'தமொக்சிபென்' என்னும் அம்மருந்து 1973 இல் பிரித்தானியாவில் மார்பகப் புற்றுக்கு வழங்கத் தொடங்கியது. ஈஸ்திரோஜன் வாங்கியுடைய புற்றை ஆரம்பத்திலே கண்டு, ஐந்து ஆண்டுகள் இக்குளிசையை உட்கொண்டவர்களிடையே, அந்நோயால் இறப்போர் தொகை மூன்றில் ஒரு பங்களவு குறைந்ததெனப் பல ஆய்வுகளின் கூட்டுக்கணக்குக் காட்டுகிறது. ஆண்டுக்கணக்காக நாள்தோறும் ஒரு குளிசை விழுங்குவது சலிப்பூட்டும் காரியந்தான். அந்தச் சலிப்பினால் இடையில் நிறுத்துவோர், பூட்டை மீண்டும் திறந்து வைக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது வழிக்கு மருந்து கண்ட கதை, நாம் முன்னர்க் கண்ட சுண்டெலிகளோடு தொடர்புடையது. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கிக்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு வாங்கியை 1985 இல் அமெரிக்காவில் அக்செல் உல்ரிக்கும் குழுவினரும் பிரித்தறிந்தனர். அதற்கு 'ஹேர்-2' என்று பெயர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வைத்தியர் டெனிஸ் சிலாமன், 189 மார்பகப் புற்றுக்களை எடுத்து ஆராய்ந்து 1987 இல் முடிவை வெளியிட்டார். வழக்கமான கலத்தில் ஹேர்-2 பரம்பரையலகு இரண்டு படிகளாக இருக்கும். சில புற்றுக்களிலோ அதன் படிகள் பன்மடங்கு பெருகியிருந்தன. அத்தகைய பெண்களுக்கே நோய் விரைவில் மீண்டது; அவர்களே விரைவில் மாண்டனர். ஐந்தில் ஒரு பங்களவான மார்பகப் புற்றுக்கள் இவ்வகையின என்பது இன்றைய கணக்கு.

கலத்தின் வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கும் இவ்வாங்கிகளைப் பற்றிப் பிடித்து அடக்கும் பிறபொருளெதிரி ஒன்றை ஆராய்ச்சியாளர் ஆக்கினர். 'ட்ரஸ்டுசுமாப்' என்னும் அம்மருந்தை 1998 இல் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. நோய் உடலிற் பரவிவிட்ட 469 பெண்களிடம் செய்த சோதனை 2001 இல் வெளிவந்தது. வழக்கமான மருந்தை மாத்திரம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் ஏறக்குறைய 20 மாதம். இதனையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 25 மாதம். ஐந்து மாதந்தானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அதே மருந்தை நோயின் ஆரம்ப நிலையிற் கொடுத்துப் பார்த்தபோது, நோய் மீளும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2005 இல் வெளிவந்த சோதனைகள் காட்டின. ஒரே மருந்து, காலத்தின் வேற்றுமையே பலனின் வேற்றுமை. இம்மருந்து சிலருக்கு இருதயத்தைத் தளரச் செய்வதுண்டு. ஆதலால் இருதயத்தைச் சோதித்தவாறே இதனைக் கொடுப்பர். 2015 இல் உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

இடத்தின் மகிமை

கலத்துக்குக் கட்டளையிடுவன காரணிகள் மாத்திரமல்ல. அது நிற்கும் இடமும் அதனுடன் பேசுகிறது. ஈரானிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய மீனா பிஸெல் என்னும் அறிஞர் இதனை நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்த்தால், வழக்கமான மார்பகக் கலத்தையும் புற்றுக்கலத்தையும் வேறுபிரித்து அறிவது எளிதன்று. பாற்கானைத் தாங்கும் அடிமென்சவ்வை ஒத்த கூழினுள் வளர்த்தாலோ, வழக்கமான கலங்கள் ஒழுங்காக அணிவகுத்துச் சிறு உருண்டைகளாகி, உரிய அளவில் வளர்ச்சியை நிறுத்தி விடுகின்றன. புற்றுக்கலங்கள் தாறுமாறாகக் குவிகின்றன. பிஸெலின் குழுவினர் 1997 இல், புற்றுக்கலம் தன் சூழலைப் பற்றிக்கொள்ளும் வாங்கியொன்றைப் பிறபொருளெதிரியால் அடக்கினர். பரம்பரையலகிற் பழுது அப்படியே இருக்க, அக்கலங்கள் ஒழுங்கான உருண்டைகளாகத் திரண்டு வளர்ச்சியை நிறுத்தின! மறு ஆண்டு, மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கியை அடக்கியபோதும் அதுவே நிகழ்ந்தது. இவை ஆய்வுகூடத்து முடிவுகளே. நோயாளருக்குரிய சிகிச்சையாக இவற்றைக் கொள்ளலாகாது. ஆயினும் கெட்டுவிட்ட கலம் என்றைக்கும் கெட்டதே என்னும் பழைய துணிபை இவை அசைத்தன.

அறிக்கையில் உள்ள மூன்று சொற்கள்

இவ்வளவும் ஆய்வுகூடத்துக் கதைகள்தாமே, நமக்கென்ன என்று கேட்கலாம். மார்பகக் கட்டியொன்றின் சிறுதுண்டை எடுத்துச் சோதித்துப் புற்றென்று கண்டால், சோதனை அறிக்கையில் மூன்று பெயர்கள் காணப்படும்: ஈஸ்திரோஜன் வாங்கி, புரொஜெஸ்தரோன் வாங்கி, ஹேர்-2. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு' அல்லது 'இல்லை' என்னும் பொருள்படும் குறி இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் அக்குறிகளைக் கண்டு, 'உண்டு' என்றாலே ஆபத்தென்று கலங்கும் குடும்பங்கள் பல. நாம் மேலே கண்டதை நினைவிற் கொண்டால் அதன் பொருள் விளங்கும். 'உண்டு' என்பது, இந்தக் கலம் எந்தக் கட்டளைக்குச் செவிசாய்க்கின்றதென நாம் அறிந்துவிட்டோம், அதனை அடக்கும் மருந்தும் உண்டு என்பதே. மூன்றும் இல்லாத புற்றுக்கள் பத்தில் ஒன்று அல்லது அதற்குச் சற்று மேல். அவற்றுக்குச் சிகிச்சை கடினமானதேயெனினும், அவற்றுக்கும் வேறு மருந்துகள் உண்டு. வீட்டிலே ஆங்கிலம் படித்த மகனோ மகளோ இருந்தால், வைத்தியரிடம் இம்மூன்றையும் கேட்டறிந்து தாய்க்கு அவருடைய மொழியிலேயே எடுத்துச் சொல்லட்டும். அது மருந்துக்கு நிகரான உதவி.

தாய்மார்க்கு இன்னொன்று. பிள்ளைக்குப் பாலூட்டுவது தாய்க்கும் காப்பாகிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002 இல் வெளியிட்ட கணக்கின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. ஆனால் பாலூட்டிய தாய்க்கும் நோய் வரலாம். குறையேதும் செய்யாதவருக்கும் வரலாம். பெண்ணாய்ப் பிறந்ததும் வயது ஏறியதும் அன்றி வேறு காரணம் எதுவும் காணப்படாதவர்களே இந்நோயாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர். ஆகவே நோயுற்றவரிடம் அவர் செய்த பிழை என்னவென்று தேடுவது அறியாமை, கொடுமையுமாகும்.

மார்பகத்தில் உணரப்படும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றல்ல. ஆயினும் எது புற்று, எது அல்லவென்பதைக் கையால் தடவி அறிய முடியாது. அடுத்த வீட்டாரின் சொல்லாலும் அறிய முடியாது. புதிதாய்த் தோன்றிய கட்டி, தோலிற் குழி, காம்பிலிருந்து குருதி கலந்த நீர், அக்குளில் வீக்கம் இவற்றுள் எது காணப்பட்டாலும், நோவில்லை என்று பொறுத்திருத்தல் தகாது. ஆரம்பநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, நம் நாட்டில் சுகாதார வைத்திய அதிகாரிகளின் பொறுப்பில் நடைபெறும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகிறது.

வீட்டில் அடுப்படி வேலை முடியட்டும், மகளின் சோதனை முடியட்டும், கோயிற் கொடியிறங்கட்டும் என்று தம் உடலின் காரியத்தைத் தள்ளிவைப்பது நம் தாய்மாரின் வழக்கம். 'நில்' என்னும் சொல்லைக் கேளாத கலம் அவற்றுள் எதற்கும் காத்திராது. ஆகவே பிள்ளைகள் இன்றைக்கே ஒரு கேள்வியைத் தாயிடம் கேட்கலாம்: "அம்மா, நீங்கள் அந்த நிலையத்துக்கு ஒருமுறையாவது போனதுண்டா?"